காரு மேல சைக்கிளை ஏத்துற கனவான்களே!

மக்களே, கொஞ்ச நாளா ஆணி அதிகம். இந்தப் பக்கம் வரவே முடியல. இன்னிக்கு வந்ததுக்குக் காரணம் வயித்தெரிச்சல். போன வாரம் ஆபீஸ் கேன்டீன்ல நடந்த ஒரு பேச்சு மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு, இறக்கி வைக்கலைன்னா தூக்கம் வராது. காரம் தூக்கலா இருக்கும். அல்சர் இருக்கறவங்க இப்பவே அப்பீட் ஆயிக்கலாம்.

நம்ம கூட பொட்டி தட்டுற நண்பர் ஒருத்தர். நல்ல மனுஷன். ஒன்றரை லட்ச ரூபாய்க்கு கார்பன் சைக்கிள் வச்சிருக்கார். வாராவாரம் ஈ.சி.ஆர்ல மாமல்லபுரம் வரைக்கும் போய் இட்லி தின்னுட்டுத் திரும்பி வருவார். அன்னிக்கு என்னைப் பார்த்து சொன்னார்: "பாஸ், சென்னைல பொறந்தது நம்ம பாவம். பெங்களூர்காரனுக்கு நந்தி மலை இருக்கு, கோயமுத்தூர்காரனுக்கு ஊட்டி இருக்கு. நமக்கு என்ன இருக்கு? மேம்பாலம்!" சுத்தி இருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க. அடுத்த சனிக்கிழமை நாலு பேர் ரெண்டு கார்ல சைக்கிளை ஏத்திக்கிட்டு ஏலகிரி போறாங்களாம், வர்றியான்னு கேட்டார். நான் வரலைன்னேன். ஏன்னு கேட்டதுக்கு அங்க ஒழுங்கா பதில் சொல்ல வரல. எனக்கு எப்பவுமே பதில் வீட்டுக்கு வந்து குளிக்கும்போதுதான் வரும். அந்த பதில்தான் இது.

முதல்ல கணக்கு. சென்னையில இருந்து ஏலகிரி சுமாரா 230 கிலோமீட்டர். போக வர 460. அங்க மலைப்பாதையில இருக்கறது 14 கொண்டை ஊசி வளைவு. ஆக, 460 கிலோமீட்டர் பெட்ரோல் எரிச்சு 14 வளைவு மிதிச்சுட்டு, "இன்று மலையேறினேன்"னு படம் போடறோம். "றோம்"னு சொல்றதுக்குக் காரணம் இருக்கு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நானும் அப்படிப் போனவன்தான். மேல ஏறி நாக்குத் தள்ளி நின்னு போட்டோ எடுத்துக்கிட்டேன். திரும்பி வர்ற வழியில ராணிப்பேட்டை தாண்டினதும் கார்ல தூங்கிட்டேன். பூந்தமல்லி வந்ததும் எழுப்பி விட்டாங்க. நடுவுல இருந்த ஊர் எதுவுமே எனக்குத் தெரியாது. அது ஒரு மாதிரி உறுத்துச்சு. ஏன்னு புரிய ரொம்ப நாளாச்சு.

சரி, "சென்னைல மலை இல்லை"ங்கற பேச்சுக்கு வருவோம். ஈ.சி.ஆர்ல இருந்து பார்த்தா இல்லைதான். கடலைப் பார்த்துக்கிட்டு நின்னா முதுகுக்குப் பின்னாடி இருக்கறது எப்படித் தெரியும்? நம்ம ஆவடி, அம்பத்தூர் பக்கம் வாங்க. விடியக்காலை அஞ்சு மணிக்கு ஆவடியில கிளம்பி, திருநின்றவூர்ல வலது பக்கம் திரும்பி, பாக்கம் வழியா தாமரைப்பாக்கம் கூட்ரோடு, வெங்கல், சீத்தஞ்சேரி, ஊத்துக்கோட்டைன்னு மிதிங்க. சீத்தஞ்சேரி பக்கம் காப்புக்காடு ஆரம்பிக்கும்போதே ரோடு லேசா ஏறி இறங்க ஆரம்பிச்சுடும். கண்ணுக்குத் தெரியாது, தொடைக்குத் தெரியும். ஊத்துக்கோட்டை தாண்டினா மேற்கால நீலமா ஒரு கோடு. நாகலாபுரம் மலை. ஆரணியாற்றைத் தாண்டி ரெண்டு மூணு கிலோமீட்டர்ல சுருட்டப்பள்ளி, சிவன் படுத்திருக்கற கோயில். விஷம் குடிச்ச அசதியில படுத்துட்டார்னு கதை. நாற்பது கிலோமீட்டர் மிதிச்சுட்டு அங்க போய் நின்னா அவர் மேல தனி பாசமே வரும்.

அதுதான் வடக்குப் பக்கம். இன்னொரு பக்கம் திருவள்ளூர் போய் பூண்டி. 1944ல கட்டி முடிச்ச அணை, சத்தியமூர்த்தி சாகர்னு பேர். நாம குளிக்கறதும் குடிக்கறதும் பாதி அங்க தேங்கற தண்ணிதான். அங்கருந்து கொஞ்ச தூரத்துல அத்திரம்பாக்கம். 1863ல ராபர்ட் புரூஸ் ஃபூட் கல் ஆயுதங்களைக் கண்டெடுத்த இடம். 2018ல நேச்சர் இதழ்ல வந்த ஆய்வு, அங்க கிடைச்ச ஒரு வகைக் கருவிகளுக்கு 3 லட்சத்து 85 ஆயிரம் வருஷ வயசுன்னு சொல்லுது. கூடியம் குகைகள் அந்தப் பக்கத்துக் குன்றுகள்லதான். கார்பன் சைக்கிள் எல்லாம் வேண்டாம், கல்லைக் கையில வச்சுக்கிட்டே நம்ம ஆளுங்க ஏறி இறங்கின மேடு அது.

அப்புறம் திருத்தணி. ஆவடியில இருந்து சுமார் 60 கிலோமீட்டர். படி 365, வருஷத்துக்கு ஒரு நாள் கணக்கு. படி வேண்டாம்னா வண்டி போற மலைப்பாதை இருக்கு. "அது ஒரு மலையா? ஆரம்பிக்கும்போதே முடிஞ்சுடும்"னு நண்பர் சொல்வார். சரி சார், முடிஞ்சுதா? இறங்குங்க. மறுபடி ஏறுங்க. நாம எழுதுற வேலையே அதானே, ஒரே வரியை நூறு தடவை ஓட வைக்கறது?

இது நான் கிண்டலுக்குச் சொல்றதில்லை. எவரெஸ்ட்டிங்னு ஒண்ணு உலகம் பூரா நடக்குது, கேள்விப்பட்டிருப்பீங்க. ஒரே ஒரு மேட்டைத் தேர்ந்தெடுத்து, ஏறின உயரம் மொத்தம் 8848 மீட்டர் ஆகற வரைக்கும் ஏறி இறங்கிக்கிட்டே இருக்கணும். இதை ஆரம்பிச்சு வச்சவர் ஜார்ஜ் மல்லோரி. எவரெஸ்ட்ல 1924ல மறைஞ்சு போன மல்லோரியோட பேரன். அவர் 1994ல எவரெஸ்ட் ஏறப் பயிற்சி எடுக்கணும்னு ஆஸ்திரேலியாவுல பக்கத்துல இருந்த டோனா புவாங் மலையிலயே திரும்பத் திரும்பச் சைக்கிள்ல ஏறினார். எவரெஸ்ட்டுக்குப் போறவரே பக்கத்து மலை போதும்னு இருந்திருக்கார். நமக்கு ஏலகிரி கேட்குது.

உடம்புக்கும் மலை பேர் தெரியாது. நானும் சைக்கிளும் தண்ணி பாட்டிலும் சேர்ந்து 85 கிலோன்னு வைங்க. 100 மீட்டர் உயரம் தூக்க சுமார் 83 கிலோஜூல் வேலை. மனுஷ உடம்பு சாப்பிட்டதுல கால்வாசியைத்தான் வேலையா மாத்தும்ங்கறதால, செலவாகறது 80 கலோரி சொச்சம். அதாவது ஒண்ணரை இட்லி. இந்த ஒண்ணரை இட்லி ஏலகிரியிலயும் ஒண்ணரைதான், திருத்தணியிலயும் ஒண்ணரைதான். அப்புறம் திருத்தணியில இருந்து மத்தியானம் கிழக்கால திரும்பி வர்றப்போ கடற்காற்று நேரா முகத்துல அடிக்கும் பாருங்க, 60 கிலோமீட்டர் சமதளமும் ஏத்தமா மாறிடும். மலையிலயாவது ஏறினா இறக்கம் உண்டு. எதிர்காத்துல அதுவும் கிடையாது.

இன்னொரு கொசுறு. "மலையெல்லாம் ஆந்திராவுல இருக்கு"ன்னும் ஒரு அலுப்பு. உண்மைதான், நகரி, புத்தூர் எல்லாம் அந்தப் பக்கம். ம.பொ.சி. வடக்கெல்லைப் போராட்டம் நடத்தினதாலதான் 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணியாவது நம்ம பக்கம் வந்துச்சு. அவ்வளவு பேர் ஜெயிலுக்குப் போய் வாங்கிக் குடுத்த மலையை, "அது ஒரு மலையா"ன்னு கேட்கறோம். :-)

நிறுத்தறேன். மலை இருக்கா இல்லையாங்கறது எனக்கு உண்மையில சண்டையே இல்லை. யாரும் நம்பலைன்னா போகட்டும், ரோடு காலியா இருக்கும். எனக்கு எரியறது வேற இடத்துல. அதைச் சொல்ல அப்பாவைப் பத்திச் சொல்லணும்.

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு லேத் பட்டறையில வேலை பார்த்தார். ஆவடியில இருந்து தினம் சைக்கிள். 1949ல தொடங்கின டி.ஐ. சைக்கிள்ஸ் நம்ம அம்பத்தூர்ல பண்ணின ஹெர்குலிஸ்தான். சைக்கிள் பொறந்த ஊர்லயே சைக்கிள் ஓட்டினார்னு வச்சுக்கங்க. இருபது கிலோ கனம். கியர் கிடையாது. நான் போன மாசம் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன், முன்னாடி 44 பல், பின்னாடி 18. ஒரு மிதிக்கு அஞ்சு மீட்டருக்கு மேல போகும். என்னோட சைக்கிள்ல கடைசி கியர் 34க்கு 32, ஒரு மிதிக்கு ரெண்டு மீட்டர் சொச்சம்தான். அதாவது நான் மலையில மிதிக்கறதை விட ரெண்டு மடங்கு பாரத்தை அவர் தினம் மிதிச்சிருக்கார். சாப்பாட்டுக் கூடை கேரியர்ல. ரயில்வே கேட் மூடியிருந்தா சைக்கிளைத் தோள்ல போட்டுக்கிட்டுத் தாண்டுவார் (தப்புதான், தெரியும், ஆனா ஷிப்டுக்கு லேட்டானா அரை நாள் சம்பளம் போயிடும்). அவர் வாழ்க்கையில ஒரு தடவை கூட "சைக்கிளிங் போறேன்"னு சொன்னதில்லை. வேலைக்குப் போறேன்னுதான் சொல்வார்.

2009ல ஒரு சாயந்திரம், திருவள்ளூர் நெடுஞ்சாலையில, சி.டி.எச். ரோடுன்னு நாம சொல்ற அதே ரோட்ல, பின்னாடி வந்த ஒரு லாரி தட்டிட்டுப் போயிடுச்சு. ரோட்டை விட்டு இறங்க அப்பாவுக்கு இடம் இல்லை. தார் முடியற இடத்துல அரை அடி பள்ளம், அதுக்கப்புறம் மண்ணு, மண்ணு மேல கடை. இடுப்பெலும்பு உடைஞ்சது. உயிர் போகல, அது வரைக்கும் முருகன் புண்ணியம். ஆனா அதுக்கப்புறம் அவர் சைக்கிள் ஏறல. போலீஸ் ஸ்டேஷன்ல எழுதிக்கிட்டாங்க. லாரி நம்பர் யாரும் பார்க்கல. பேப்பர்ல ஒரு வரி வரல. எதுக்கு வரணும்? தினம் நடக்கறது.

2024 பிப்ரவரியில நவி மும்பையில அவதார் சைனி சைக்கிள் ஓட்டிக்கிட்டிருக்கும்போது டாக்சி மோதி இறந்து போனது ஞாபகம் இருக்கா? இன்டெல்ல 386, 486 சில்லுகள்ல வேலை பார்த்த பெரிய மனுஷன். நம்ம துறை. நம்ம ஆபீஸ்ல எல்லாரும் அன்னிக்கு அதைத்தான் பேசினோம். சைக்கிளுக்குத் தனிப் பாதை வேணும்னு ஆளாளுக்கு எழுதினோம். நானும் எழுதினேன். அவருக்காக மனசார வருத்தப்பட்டேன். எழுதி முடிச்சுட்டு அப்பாவைப் பார்த்தேன். ஈஸி சேர்ல உட்கார்ந்து பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தார். அவருக்காக எவனும் எதுவும் எழுதலையேன்னு அப்பதான் உறைச்சது. பையன் நானே எழுதலையே.

இப்ப காருக்கு வர்றேன். நம்மகிட்ட ஒரு வலு இருக்கு. நாலு எழுத்து எழுதத் தெரியும். மனு போடத் தெரியும், போட்டோ எடுத்து அதிகாரிக்கு அனுப்பத் தெரியும். மாமல்லபுரம் ரோட்ல சைக்கிள்காரன்னு ஒருத்தன் இருக்கான்னு நாலு பேருக்குத் தெரியறது நாம அங்க போறதாலதான். அதே நாம, மேற்கால மலைக்குப் போகணும்னா மட்டும் சைக்கிளைக் கூரை மேல கட்டிடறோம். ஏன்? "சி.டி.எச். ரோடு டேஞ்சர் பாஸ்." "பெங்களூர் ஹைவேயில பூந்தமல்லி தாண்டறதுக்குள்ள உயிர் போயிடும் பாஸ்." ஆமா, டேஞ்சர்தான். யாருக்கு? அந்த ரோட்ல காலையில ஆறு மணிக்கு எஸ்டேட்டுக்குப் போறவனுக்கும் பால் கேன் கட்டிக்கிட்டு வர்றவனுக்கும் கூட டேஞ்சர்தான். அவன்கிட்ட கூரை மேல கட்டறதுக்கு காரு இல்லை.

வெங்கல் தாண்டி ஒரு நாள் காலையில எட்டரை மணிக்குத் திரும்பி வந்துக்கிட்டிருந்தேன். பள்ளிக்கூடப் பொண்ணுங்க ஒரு பத்துப் பேர், எல்லாம் அரசாங்கம் குடுத்த சைக்கிள். 2001ல ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்குன்னு ஆரம்பிச்சு, அப்புறம் மத்தவங்களுக்கும்னு விரிஞ்ச திட்டம். நானும் பிளஸ் ஒன்ல வாங்கினவன். ரெட்டை ஜடை, பின்னாடி இன்னொரு பொண்ணு டபுள்ஸ் வேற. எதிர்ல ஒரு மணல் லாரி வருது. பத்துப் பேரும் சட்டுனு மண்ணுல இறங்கி ஒத்தக் கால ஊணி நின்னாங்க. லாரி போனதும் மறுபடி ஏறிப் பேச்சை விட்ட இடத்துல இருந்து ஆரம்பிச்சாங்க. அவ்வளவு பழக்கம். நான் ஹெல்மெட், பளபள சட்டை, பின்னாடி சிவப்பு லைட் எல்லாம் மாட்டிக்கிட்டு நடுங்கிப் போய் நிக்கறேன். அதுல ஒரு பொண்ணு, "அண்ணா, ரேஸா?"ன்னு கேட்டுட்டுச் சிரிச்சுக்கிட்டே போயிடுச்சு.

அந்த ரோட்டோரத்தைச் சரி பண்ணித் தாங்கன்னு கேட்க அந்தப் பொண்ணுக்கு யாரைத் தெரியும்? எனக்கு யாரையாவது தெரியும். தெரியலைன்னாலும் கண்டுபிடிக்கத் தெரியும். நான் அன்னிக்கு அந்த ரோட்ல மிதிச்சதாலதான் அந்தப் பள்ளம் எனக்குத் தெரியும். கார்ல போயிருந்தா தூங்கிட்டிருப்பேன்.

இன்னும் ஒண்ணு வருது. தச்சூர்ல இருந்து சித்தூருக்கு ஆறுவழிச் சாலை, ஊத்துக்கோட்டைப் பக்கமா. இந்த மாதிரி விரைவுச் சாலைகள்ல சைக்கிளுக்கு என்ன மரியாதைன்னு பெங்களூர்–மைசூர்ல பார்த்துட்டோம். 2023 ஆகஸ்ட் 1ல இருந்து அந்தச் சாலையோட முக்கியப் பாதையில பைக்குக்கே அனுமதி இல்லை, சைக்கிள் எந்த மூலைக்கு? சரி, நூறு கிலோமீட்டர் வேகத்துல போற ரோட்ல சைக்கிள் வேண்டாம், அது நியாயம்தான். ஆனா அந்த ரோடு ஒரு ஊரை ரெண்டா வெட்டிக்கிட்டுப் போனா, இந்தப் பக்கத்துப் பொண்ணு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு எந்தச் சுரங்கப்பாதையில, எத்தனை கிலோமீட்டர் சுத்திப் போகணும்? பக்கத்துச் சாலையில சைக்கிளுக்கு ரெண்டடி விடுவாங்களா? கேட்க வேண்டியவன் யாரு? அங்க மிதிக்கறவன்தான் கேட்கணும். ஏலகிரி அடிவாரத்துல போய் இறங்கறவனுக்கு இந்தக் கேள்வியே வராது.

"நேரம் இல்லை"ம்பாங்க. 460 கிலோமீட்டர் கார்ல போக எட்டு மணி நேரம் இருந்துச்சே? அந்த எட்டு மணி நேரத்துல ஆவடி–திருத்தணி போய் ரெண்டு தடவை மலை ஏறி, சரவணப் பொய்கை பக்கத்துல பொங்கல் தின்னுட்டுத் திரும்பிடலாம். 200 கிலோமீட்டரைப் பதிமூன்றரை மணி நேரத்துல முடிக்கணும்னு பிரெவே ஓட்றவங்களுக்கு விதி. அதெல்லாம் ஓட்றவங்களும் நம்ம ஆட்கள்ல இருக்காங்க, அவங்களைப் பார்த்தா எனக்கு இந்தக் கோபம் வர்றதில்லை. வீட்டு வாசல்ல ஏறி வீட்டு வாசல்ல இறங்கறவங்க அவங்க.

"பாதுகாப்பு முக்கியம்டா, நீ பெரிய புரட்சி பேசாத, உங்கப்பாவுக்கு நடந்தது உனக்கு நடந்தா?"ன்னு அம்மாவே கேட்டாங்க. இதுக்கு மட்டும் என்கிட்ட திமிரா பதில் கிடையாது. பயமாத்தான் இருக்கு. அதனால சில வேலை பண்றேன். சி.டி.எச். ரோட்ல ஆறு மணிக்கு அப்புறம் ஏறறதில்லை, கம்பெனி பஸ் எல்லாம் கிளம்பிடும். திருநின்றவூர்ல இருந்து உள்ரோடு. தனியாப் போறதில்லை, மூணு பேராவது. வரிசையாப் போவோம், ரோட்டை அடைச்சுக்கிட்டு அரட்டை அடிக்கறதில்லை. கிருத்திகை அன்னிக்குத் திருத்தணிப் பக்கமே போறதில்லை. ஆடிக் கிருத்திகைக்கு அந்த ரோடு காவடிக்காரங்களோடது. வெறுங்கால்ல, தோள்ல காவடியோட, தார் ரோட்ல நடந்து வந்து மலை ஏறறாங்க. எவ்வளவு உயரம், எத்தனை நிமிஷம்னு யாரும் கடிகாரம் பார்க்கறதில்லை. அவங்களுக்கு நடுவுல நாம மணி அடிச்சு வழி கேட்டா அடிதான் விழும், விழணும்.

அப்புறம் எங்க பள்ளம், எங்க தார் உடைஞ்சிருக்கு, எந்த வளைவுல கருவேல முள்ளு ரோட்டுக்கு வந்துடுச்சுன்னு ஒவ்வொரு தடவையும் குறிச்சுட்டு வர்றேன். நாலு மனு போட்டிருக்கேன். ஒண்ணுக்கு வேலை நடந்துச்சு, தாமரைப்பாக்கம் தாண்டி ஒரு ஐம்பது மீட்டருக்கு ஓரத்துல மண்ணு கொட்டி மேவினாங்க. ஐம்பதே ஐம்பது மீட்டர். மூணுக்கு பதில் இல்லை. நாலு பேர் போட்டா இருநூறு மீட்டர் ஆகும்ங்கறது என்னோட சின்னக் கணக்கு. நாற்பது பேர் போட்டா? அந்த நாற்பது பேரும் இப்ப வாலாஜா டோல்கேட்ல, கூரை மேல சைக்கிளோட நிக்கறாங்க.

நண்பருக்கு இந்தப் பதிவோட சுட்டியை அனுப்பப் போறேன். கோச்சுக்குவார். கோச்சுக்கட்டும். ஆனா ஒரு ஞாயித்துக்கிழமை, ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை, அந்த ஒன்றரை லட்ச ரூபாய் வண்டியை எடுத்துக்கிட்டு காலையில 4.45க்கு ஆவடி வரட்டும். டீ நான் வாங்கித் தர்றேன்.

டிஸ்கி 1: ஏலகிரிக்காரங்க யாராவது இதைப் படிச்சா மன்னிச்சுக்கங்க, உங்க மலை மேல எனக்கு ஒரு கோபமும் இல்லை. அடுத்த வருஷம் வீட்ல இருந்தே மிதிச்சு வரலாம்னு இருக்கேன், ராத்திரி தங்கிட்டு.

டிஸ்கி 2: அப்பாகிட்ட இதைப் படிச்சுக் காட்டினேன். லாரி வந்த இடத்துல கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம், "44 இல்லடா, 46 பல். எனக்குத் தெரியாதா? நீ தப்பா எண்ணியிருக்க"ன்னார். ரெண்டு பேரும் மாடிப்படிக்குக் கீழ போய் எண்ணிப் பார்த்தோம். 44தான். நம்பல. நாளைக்கு வெளிச்சத்துல மறுபடி எண்ணணுமாம்.